காலா கில்லாவும் கடலோரக் கோட்டையும்

1. பேருந்துப் பலகை

மும்பை தாராவியில் ஒரு ஆச்சி இருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆனதும் மும்பைக்கு வந்தார். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வீட்டிலேயே முறுக்கு சுடுவார். பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார்.

ஆச்சி சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. போன வருடம்தான் இரவு வகுப்பில் சேர்ந்தார். இப்போது தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பெரிய எண்களையும் படிக்கிறார். கைநாட்டு வைப்பதை விட்டுவிட்டார். கையெழுத்துப் போடுகிறார்.

ஒரு நாள் ஆச்சியும் பேத்தியும் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மராத்தியும் படிப்பாள், ஆங்கிலமும் படிப்பாள். ஒரு பேருந்து வந்தது.

“என்ன பஸ்சுட்டி அது?” என்று கேட்டார் ஆச்சி.

“காலா கில்லா போற பஸ் ஆச்சி.”

“நானும் நாப்பது வருசமா காலா கில்லா, காலா கில்லான்னு சொல்லுதேன். அப்படின்னா என்னட்டி அர்த்தம்?”

“காலான்னா கறுப்பு. கில்லான்னா கோட்டை. கறுப்புக் கோட்டை.”

ஆச்சிக்கு ஆச்சரியம். “கோட்டையா? நம்ம தாராவியிலயா? அது பஸ் டிப்போ பேருன்னுல்லா நினைச்சேன்!”

அன்று இரவு வகுப்பில் ஆச்சி டீச்சரிடம் கேட்டார். டீச்சர் சொன்னார்:

“ஆமா ஆச்சி. தாராவியில ஒரு கோட்டை இருக்கு. சின்னக் கோட்டை. ஆனா அதை மட்டும் பார்த்தா கதை புரியாது. முதல்ல பாந்த்ரா கோட்டையைப் பார்ப்போம். கடலோரத்துல இருக்கு. பக்கத்துல பூங்காவும் இருக்கு. திரும்பி வரும்போது நம்ம கோட்டையைப் பார்ப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவாயிற்று.

2. ரயிலில் ஒரு எல்லை

ஞாயிறு காலை. டீச்சர், ஆச்சி, பேத்தி, வகுப்பில் படிக்கும் இன்னும் நான்கு பெண்கள். எல்லோரும் மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். லேடீஸ் டப்பாவில் ஏறினார்கள். ஆச்சி ஒரு தூக்குச் சட்டியில் புளிச்சோறும், ஒரு பையில் முறுக்கும் எடுத்து வந்திருந்தார்.

மாஹிமுக்கு அடுத்த ஸ்டேஷன் பாந்த்ரா. நடுவில் ரயில் ஒரு பாலத்தின் மேல் போனது. கீழே கறுப்புத் தண்ணீர். கரையில் அலையாத்தி மரங்கள். நாற்றம் அடித்தது. எல்லோரும் மூக்கை மூடினார்கள்.

“இதுதான் மித்தி ஆறு. இங்கதான் கடலோட கலக்குது” என்றார் டீச்சர். “ஆறு கடலோட சேருற இடத்தை இங்க காடின்னு சொல்லுவாங்க. ஒரு காலத்துல இது ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுல எல்லையா இருந்துச்சு.”

“எல்லையா?”

“ஆமா. இந்தக் கரையில ஒரு ராஜாங்கம். அந்தக் கரையில வேற ராஜாங்கம்.”

டீச்சர் அந்தக் கதையைச் சொன்னார்.

மும்பை அந்தக் காலத்தில் ஏழு தீவுகளாக இருந்தது. அதற்கு வடக்கே இன்னொரு பெரிய தீவு. அதன் பெயர் சால்செட். பாந்த்ரா அந்தத் தீவில் இருக்கிறது. 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இந்தத் தீவுகளைப் போர்ச்சுக்கீசியரிடம் கொடுத்தார்.

1661-இல் ஒரு கல்யாண ஒப்பந்தம் நடந்தது. மாப்பிள்ளை இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ். பெண் போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரின். பெண்ணுக்குக் கொடுத்த சீதனத்தில் பம்பாயும் ஒன்று. ராஜாவுக்குப் பம்பாயை ஆளுவது செலவாகத் தெரிந்தது. அதனால் 1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். வாடகை ஆண்டுக்குப் பத்துப் பவுன்.

தெற்கே பம்பாய் ஆங்கிலேயரிடம் போனது. வடக்கே பாந்த்ரா போர்ச்சுக்கீசியரிடமே இருந்தது. நடுவில் இந்தக் காடி.

ஆச்சி யோசித்தார். “சீதனமா அண்டா குடுப்பாக, தோடு குடுப்பாக. ஊரையுமா குடுப்பாக? அந்த ஊர்ல இருந்த சனங்களை ஒரு வார்த்தை கேட்டாகளா?”

“யாரும் கேட்கலை ஆச்சி” என்றார் டீச்சர்.

3. தண்ணீருக்கு ஒரு கோட்டை

பாந்த்ராவில் இறங்கினார்கள். பேண்ட்ஸ்டாண்டு போகும் பேருந்தில் ஏறினார்கள். கடலோரமாகவே பேருந்து போனது. பாறைகளில் அலை மோதியது. நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையில் பூங்கா இருந்தது. மேட்டிலே மரங்கள். ஏறிப்போகப் படிகள். ஆச்சி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

கறுத்த கல்லால் கட்டிய சுவர். ஒரு வாசல். வாசலைத் தாண்டினால் மேலே திறந்த வெளி. எதிரே கடல்.

“இதுவா கோட்டை?” என்றாள் பேத்தி. “அரண்மனை இல்லையே. சிம்மாசனம் இல்லையே.”

“ராஜா இருக்கிறதுக்குக் கட்டின கோட்டை இல்லை இது. காவலுக்குக் கட்டினது” என்றார் டீச்சர். “1640-இல் போர்ச்சுக்கீசியர் கட்டினாங்க. அவங்க வச்ச பேரு காஸ்டெல்லா டி அகுவாடா. அகுவாடான்னா தண்ணி பிடிக்கிற இடம்னு அர்த்தம்.”

கப்பல்காரர்களுக்குக் கடல் நிறையத் தண்ணீர் இருக்கும். ஆனால் அது உப்பு. குடிக்க முடியாது. கரைக்கு வந்து நல்ல தண்ணீர் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று இருந்தது. போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் இங்கே வந்து தண்ணீர் பிடித்தன. அந்த ஊற்றைக் காக்க வேண்டும். மாஹிம் விரிகுடாவுக்குள் வரும் கப்பல்களைக் கண்காணிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கோட்டை.

ஆச்சி சிரித்துவிட்டார். “இது புரியுது டீச்சர். நம்ம குழாயடியில விடியக்காலம் குடத்தை வச்சுட்டுக் காவல் நிக்கோம்லா. அவன் பீரங்கி வச்சுக் காவல் நின்னுருக்கான்!”

எல்லோரும் சிரித்தார்கள்.

4. சுவர் ஏன் இடிந்தது?

மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். பேத்தி சுற்றிலும் பார்த்தாள். சுவர்களில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

“யாராவது சண்டை போட்டு இடிச்சாங்களா டீச்சர்?”

“பயந்து இடிச்சாங்க” என்றார் டீச்சர்.

மராட்டியரின் படை அப்போது பலமாக வளர்ந்தது. 1737-இல் அது சால்செட் தீவுக்குள் புகுந்தது. தானே கோட்டையைப் பிடித்தது. 1739-இல் வசாய் கோட்டையையும் பிடித்தது. வசாய்ப் போரை நடத்தியவர் சிமாஜி அப்பா. அவர் பேஷ்வா பாஜிராவின் தம்பி.

ஆங்கிலேயருக்குப் பயம் வந்தது. பாந்த்ரா கோட்டை மராட்டியர் கையில் சிக்கினால் என்ன ஆகும்? இங்கே பீரங்கி வைத்தால் எதிரே பம்பாய்க்கு ஆபத்து. அதனால் கோட்டையின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

“1737-ஐ மட்டும் மறக்காதீங்க ஆச்சி. சாயங்காலம் அது வேண்டியிருக்கும்” என்றார் டீச்சர்.

“ஆயிரத்து எழுநூத்தி முப்பத்தி ஏழு” என்று ஆச்சி இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

5. பீரங்கி எங்கே?

பேத்திக்கு ஒரு குறை. “கோட்டைன்னா பீரங்கி, வாள் எல்லாம் இருக்கும்னு நினைச்சேன். ஒண்ணும் இல்லையே.”

“அதெல்லாம் பார்க்கணும்னா அருங்காட்சியகம் போகணும்” என்றார் டீச்சர்.

பழைய பொருள்களைச் சேர்த்துப் பாதுகாத்து, எல்லோரும் பார்க்க வைத்திருக்கும் இடம்தான் அருங்காட்சியகம். சென்னையில் கடற்கரை ஓரமாகச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை இருக்கிறது. அதையும் 1640 வாக்கில்தான் கட்டினார்கள். கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அந்தக் கோட்டைக்குள்தான் இயங்கி வந்திருக்கின்றன. அங்கே 1948 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வாள்கள், துப்பாக்கிகள், பீரங்கிகள், பதக்கங்கள், நாணயங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

“மும்பையில இல்லையா?”

மும்பையில் ஒரு கப்பலே அருங்காட்சியகமாக இருந்தது. அதன் பெயர் விக்ராந்த். இந்தியாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பல் அது. 1961-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் வங்காள விரிகுடாவில் இருந்தது. அதிலிருந்து போன விமானங்கள் எதிரியின் துறைமுகங்களைத் தாக்கின. 1997-இல் அது ஓய்வு பெற்றது. 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. மக்கள் ஏறிப் பார்த்தார்கள். பழைய கப்பல் என்பதால் ஆபத்து என்று 2012-இல் மூடிவிட்டார்கள். பிறகு ஏலம் விட்டார்கள். 2014-இல் உடைக்கத் தொடங்கினார்கள்.

வகுப்பில் ஓர் அக்கா சொன்னார்: “நான் அந்தக் கப்பல்ல ஏறிப் பார்த்திருக்கேன். என் மகன் கைக்குழந்தை அப்போ. இப்போ அவனுக்குக் காட்டணும்னா கப்பல் இல்லையே.”

“அதுதான் விஷயம்” என்றார் டீச்சர். “காப்பாத்தினா இருக்கும். விட்டா போயிடும். கோட்டையும் அப்படித்தான். இந்தக் கோட்டையும் கேட்பார் இல்லாமக் கிடந்த காலம் உண்டு. இந்தப் பகுதி மக்கள் ஒண்ணு சேர்ந்தாங்க. 2003 வாக்குல சீர்செய்யுற வேலை ஆரம்பிச்சது. அதனாலதான் நாம இன்னைக்கு நிழல்ல உட்கார்ந்து சாப்பிடுறோம்.”

ஆச்சி முறுக்குப் பொட்டலத்தின் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

6. இரண்டு பாதைகள்

கோட்டை மேட்டிலிருந்து ஒரு நீளமான பாலம் தெரிந்தது. அது பாந்த்ரா - வொர்லி சீ லிங்க். நீளம் சுமார் 5.6 கிலோமீட்டர். 2009-இல் திறந்தார்கள். அதில் போகச் சுங்கம் கட்ட வேண்டும். நடந்து போகக் கூடாது. ஸ்கூட்டரும் ரிக்‌ஷாவும் போகக் கூடாது.

“அப்போ நமக்கு இல்லை” என்றார் ஆச்சி.

“நமக்கு வேற பாதை இருக்கு. திரும்பும்போது அதுலதான் போகப்போறோம். மாஹிம் காஸ்வே. அதைக் கட்டக் காசு கொடுத்தது ஒரு பொம்பளை” என்றார் டீச்சர்.

பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சால்செட்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. எல்லை ஒழிந்தது. ஆனால் காடியைத் தாண்டப் படகுதான். மழைக்காலத்தில் படகு கவிழும். உயிர் போகும். பாதை போடக் கம்பெனி பணம் தரவில்லை. ஆவாபாய் ஜீஜீபாய் என்ற பார்சிப் பெண்மணி பணம் கொடுத்தார். ஒரு லட்சத்து 57 ஆயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. அவர் ஒரு நிபந்தனை போட்டார். இந்தப் பாதையில் போகிறவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது. 1840-களில் பாதை கட்டி முடிந்தது.

“புண்ணியவதி!” என்றார் ஆச்சி.

சாயங்காலம் அந்தப் பாதை வழியாகவே பேருந்தில் திரும்பினார்கள். மாஹிம் பக்கம் வந்ததும் டீச்சர் கடல் பக்கம் கை காட்டினார். அங்கே மாஹிம் கோட்டை. பாந்த்ரா கோட்டைக்கு நேர் எதிர்க் கரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டை அது. பல ஆண்டுகளாக அதற்குள் மக்கள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். 2022-இல் குடிசைகளை அகற்றினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வேறு இடங்களில் வீடு கொடுத்தார்கள்.

“கோட்டையும் நிக்கணும். சனங்களும் பொழைக்கணும்” என்றார் ஆச்சி மெதுவாக.

7. கல்லில் ஓர் எண்

காலா கில்லா நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆச்சி நூறு தடவை நடந்த இடம். டீச்சர் ஒரு சந்துக்குள் அழைத்துப் போனார். கறுத்த கல்லால் ஒரு சுவர் நின்றது. மேலே செடி முளைத்திருந்தது. அடியில் குப்பை கிடந்தது.

“இதுதான் ஆச்சி, உங்க கறுப்புக் கோட்டை. ரீவா கோட்டைன்னும் சொல்லுவாங்க.”

“இந்தச் சுவரா! இதைப் பார்த்திருக்கேனே! ஏதோ பழைய கிட்டங்கின்னு நினைச்சேன்.”

சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. அதில் ஆங்கில எழுத்துகள். பேத்தி படித்துச் சொன்னாள். பம்பாயின் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவுப்படி இதைக் கட்டினார்கள் என்று எழுதியிருந்தது.

“கடைசியில ஒரு எண் இருக்கு. ஆச்சி, அதை நீங்க படிங்க” என்றார் டீச்சர்.

ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அண்ணாந்து பார்த்தார்.

“ஒண்ணு... ஏழு... மூணு... ஏழு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆயிரத்து எழுநூத்தி முப்பத்தி ஏழு! காலையில நீங்க சொன்ன வருசம்லா அது? மராட்டியர் அக்கரைக்கு வந்த வருசம்!”

“அதேதான். அக்கரையில தானே கோட்டை விழுந்த வருசம், இக்கரையில இந்தக் கோட்டையைக் கட்டினாங்க.”

சயானில் குன்றின் மேல் ஒரு கோட்டை. தாராவியில் ஒன்று. மாஹிமில் ஒன்று. எல்லாம் ஒரே வரிசை. பம்பாயின் வடக்கு எல்லையைக் காக்க ஆங்கிலேயர் வைத்திருந்த காவல். அப்போது தாராவி மீன் பிடிக்கும் கோலி மக்களின் ஊர். சுற்றிலும் சேறும் அலையாத்திக் காடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர்கள் வந்தது அதற்கு வெகு காலம் பிறகு.

ஆச்சி சுவரைத் தொட்டுப் பார்த்தார். “கட்டினவன் போயிட்டான். எல்லை போயிடுச்சு. எழுதினது மட்டும் நிக்குது” என்றார்.

8. ஆச்சியின் கையெழுத்து

மறுநாள் இரவு வகுப்பில் பேச்செல்லாம் கோட்டையைப் பற்றித்தான்.

“நம்ம கோட்டையைச் சுத்தம் பண்ணச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதுவோம்” என்றார் ஆச்சி. “அது என்ன கோட்டைன்னு ஒரு பலகையும் வைக்கச் சொல்லணும். மராத்தியில, இந்தியில, தமிழ்ல. என்னைப் போல நாப்பது வருசம் தெரியாம இருக்கக் கூடாது.”

“நாம எழுதினா செய்வாகளா?” என்று கேட்டார் ஓர் அக்கா.

“செய்யலைன்னா மறுபடி எழுதுவோம். கேட்டாத்தானே கேட்டோம்னு இருக்கும்.”

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடக்கிறது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. அதிகாரிகள் காகிதம் கொண்டு வருவார்கள். வீட்டின் பத்திரம், மின்சார ரசீது, ரேஷன் அட்டை எல்லாம் கேட்பார்கள். “எல்லாத்தையும் ஒரு பையில் பத்திரமா வையுங்க. எந்தக் காகிதத்திலும் படிக்காமக் கையெழுத்துப் போடாதீங்க. மொழி தெரியலைன்னா தெரிஞ்சவங்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. நகல் ஒண்ணு வாங்கி வையுங்க.”

ஆச்சி தலையாட்டினார். “அந்தக் காலத்துல ஊரையே சீதனமாக் குடுத்தாக. ஊர்ச்சனத்தைக் கேட்கலை. இப்போ நம்மளைக் கேட்கணும். கேட்கலைன்னா நாம கேட்போம்.”

பேத்தி மனுவை மராத்தியில் எழுதினாள். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். ஆச்சி முழுவதும் கேட்டார். ஓர் இடத்தில் திருத்தச் சொன்னார். பிறகுதான் பேனாவை வாங்கினார்.

முதல் கையெழுத்து ஆச்சியுடையது. அதன் கீழே தேதி போட்டார். ஆண்டையும் எழுதினார், கல்லில் இருந்ததைப் போலவே.

புதிய சொற்கள்

அருங்காட்சியகம் - பழைய, அரிய பொருள்களைப் பாதுகாத்துக் காட்டும் இடம்
அலையாத்தி மரம் - உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் மரம், கரையைக் காக்கும்
சுங்கம் - பாதையில் போவதற்கு வாங்கும் வரி
நகல் - ஒரு காகிதத்தைப் போலவே எடுத்த இன்னொரு காகிதம்

பேசிப் பார்ப்போம்

1. பாந்த்ராவில் போர்ச்சுக்கீசியர் ஏன் கோட்டை கட்டினார்கள்?
2. காலா கில்லா கல்லில் என்ன ஆண்டு எழுதியிருக்கிறது? அந்த ஆண்டில் அக்கரையில் என்ன நடந்தது?
3. ஆவாபாய் போட்ட நிபந்தனை என்ன? அதனால் யாருக்கு நன்மை?
4. உங்கள் ஊரில் பழைய கட்டடம், கிணறு, கல்வெட்டு ஏதாவது இருக்கிறதா? போய்ப் பாருங்கள். அதில் உள்ள எண்ணைப் படியுங்கள்.
5. உங்கள் பகுதிக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். கீழே கையெழுத்தும் தேதியும் போடுங்கள்.